கோணல் சார் வீடுகள்

முட்டி டாக்டருக்கு ஒரு சுவரை இடிக்க வேண்டியிருந்தது.

அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ஆனால் முட்டிவலி இல்லாத வீடே ஊரில் இல்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காலையில் ஸ்கூட்டரில் கிளம்புவாள். தோளில் பெரிய பை. அதற்குள் ரப்பர் பட்டைகள், வலிக்கு மின்சாரம் வைக்கும் பெட்டி, மடக்குப் பாய். வீடு வீடாக ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து, இப்போது அவளுடைய இடுப்பே வலிக்க ஆரம்பித்திருந்தது.

"உன் இடுப்பை யார்கிட்ட காட்டப் போறே?" என்று மாமியார் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் கிளினிக் யோசனை வந்தது. வீட்டின் முன்கூடத்துக்கும் அதையடுத்த மாமியார் அறைக்கும் நடுவே ஒரு சுவர். அதை எடுத்துவிட்டால் இரண்டு கட்டில் போடலாம். நடை பழகுகிறவர்கள் பிடித்துக்கொண்டு நடக்க இரட்டைக் கம்பி வைக்கலாம். கம்பியைச் செய்யச் சொல்லி அது வந்தும் இறங்கிவிட்டது. வைக்க இடமில்லாமல் வாசலில் கிடந்தது. மாமியார் அதில் துணி உலர்த்தினாள்.

"உடைச்சுக்கோம்மா. நான் மாடிக்குப் போயிடறேன்" என்றாள்.

மாமியாருக்கும் முட்டிவலி. மாடிப்படி ஏறக் கூடாது என்று சொன்னது மருமகள்தான். ஆனால் கிளினிக் ஆசையில் அவள் அதை அந்தச் சமயத்தில் ஞாபகப்படுத்தவில்லை.

கொத்தனாரை வரச் சொன்ன அதே வாரத்தில் நகராட்சி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. கோணல் சார் கட்டிய வீடுகளையெல்லாம் கண்டுபிடித்துப் பட்டியல் போடப் போகிறார்களாம். பட்டியலில் சேர்ந்த வீட்டுக்கு வாசலில் பித்தளைத் தகடு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சுவரையும் இடிக்கக் கூடாது.

கோணல் சார் அந்த ஊரிலேயே பிறந்து, வெளியூரில் படித்து, ஊருக்கே திரும்பி வந்து வாழ்நாள் முழுக்கக் கட்டடங்கள் வரைந்தவர். நூலகம் அவருடையது. பேருந்து நிலையம் அவருடையது. வீடுகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு வரைபடங்களைக் கரையான் தின்றுவிட்டது. அவருடைய அலுவலகத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. ஆனால் அவர் கட்டிய வீடு எது என்று கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீடு நேராக இருக்கும். உள்ளே போனால் ஒரே ஒரு சுவர் மட்டும் கோணலாக நிற்கும். அவருக்கு ஒரு கண் கொஞ்சம் சாய்வு என்று சொன்னவர்கள் உண்டு. படம் வரைகிற பலகைக்கு ஒரு கால் குட்டை என்றும் சொன்னார்கள். முகத்துக்கு நேராகவே "கோணல் சார்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.

நகராட்சி அறிவிப்பால் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வீட்டை மாற்ற நினைத்தவர்கள் கோணல் சுவரை ஒளித்தார்கள். தகடுக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லாத கோணலைக் காட்டினார்கள். மளிகைக் கடைக்காரர் தன் கிடங்குச் சுவரும் சார் கட்டியதுதான் என்று சாதித்தார்.

"அது கொத்தனார் தண்ணி போட்டுக் கட்டினது" என்று அவர் மனைவியே எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

முட்டி டாக்டர் வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து பீரோவை நகர்த்திச் சுவரில் பாதியை மறைத்தார்கள். மீதியைத் திரைச்சீலை மறைத்தது.

"யார் கட்டினதுன்னு கேட்டா என்ன அத்தை சொல்றது?"

"உங்க மாமாவோட சிநேகிதர் ஒருத்தர் கட்டினார்னு சொல்லு."

"பேர் கேட்டா?"

"செத்துட்டார்னு சொல்லு. அதுக்கப்புறம் யாரும் தோண்ட மாட்டாங்க."

பட்டியல் போட வந்தவர் ஒரு கட்டடக் கலைப் பேராசிரியை. ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. கோணல் சாரைப் பற்றிப் பல வருடங்களாகக் கட்டுரை எழுதி வருபவர். வந்த சில நாட்களிலேயே அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தங்கியிருந்த விடுதியின் மேலாளர் முட்டி டாக்டருக்குப் போன் செய்தார்.

"கழுத்துங்க. முட்டி இல்ல. பரவாயில்லையா?"

அவள் போனபோது பேராசிரியை நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் அசைந்தது.

"என்ன பண்ணீங்க?"

"விட்டத்தைப் பாத்துட்டிருந்தேன். என் வேலையே அதுதானே. மத்தவங்க அதைச் செஞ்சா சோம்பேறின்னு சொல்வாங்க."

முட்டி டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கழுத்தின் இறுக்கத்தை விரலால் தேடிப் பிடித்து மெதுவாக இளக்கினாள். பேராசிரியை பேசிக்கொண்டே இருந்தார். எல்லோரும் பெட்டி பெட்டியாக வீடு கட்டிய காலத்தில் பெட்டியை எதிர்த்து நின்ற ஒரே மனிதர் கோணல் சார் என்றார். அந்தச் சாய்வு ஒரு கேள்வி என்றார். அது ஒரு சிந்தனை என்றார்.

"தலையை ஆட்டாம பேசுங்க" என்றாள் இவள்.

"நீங்க எல்லா வீட்டுக்குள்ளயும் போவீங்களாமே. என்கூட வர முடியுமா? கழுத்தையும் பாத்துக்கலாம். எனக்குக் கதவும் திறக்கும்."

முட்டி டாக்டர் ஒரு கணக்குப் போட்டாள். இந்த அம்மாள் தனியாகச் சுற்றினால் என்றாவது ஒரு நாள் நம் தெருவுக்கு வந்து நிற்பார். கூடவே போனால் வேறு பக்கம் திருப்பி விடலாம்.

"வரேனே" என்றாள்.

முதலில் நூலகம். பெரிய ஹால். செய்தித்தாள் படிப்பவர்களுக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். ஒரு முனை ஜன்னலோரம். மறு முனை எங்கேயோ போய் முட்டி நின்றது. ஒரு பக்கம் கூம்பு மாதிரி குறுகி, மறு பக்கம் விரிந்திருந்தது. விரிந்த பக்கத்தில் இரண்டு மின்விசிறிகள். முட்டி டாக்டர் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் இங்கேதான். சுவர் ஏன் இப்படி என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெயில் காலத்தில் எந்த நாற்காலிக்குக் காற்று வரும் என்று மட்டும் தெரியும்.

"இது ஏன் சாய்வா இருக்கு?" என்று பேராசிரியை நூலகரிடம் கேட்டார்.

"சார் ஆசைப்பட்டு வெச்சதுங்க" என்றார் நூலகர். சொல்லும்போது மேசையிலிருந்த பசைப் புட்டியின் மூடியை மூடினார். அது ஏற்கெனவே மூடியிருந்தது.

அடுத்து ஒரு தையல்காரர் வீடு. கூடத்தின் நடுவே சுவர் சாய்ந்து ஓடியது. இவள் அவருடைய அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற வீடு.

"இது ஏன் இப்படி?"

"சார் ஆசைப்பட்டு வெச்சது."

பிறகு ஓய்வு பெற்ற கண்டக்டர் வீடு. அங்கேயும் சார் ஆசைப்பட்டிருந்தார். பேராசிரியைக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தீங்களா? ஊரே அவர் ஆசையைப் புரிஞ்சு வெச்சிருக்கு" என்றார்.

முட்டி டாக்டருக்கு மட்டும் ஏதோ இடித்தது. உடம்பு அவளுக்குத் தெரிந்த விஷயம். வலிக்கவில்லை என்று பொய் சொல்கிற நோயாளியின் தோள் தன்னாலே காதை நோக்கி ஏறும். நூலகரின் தோள் ஏறியது. தையல்காரருக்கும் ஏறியது. கண்டக்டரின் இரண்டு தோளும் காதையே தொடுகிற மாதிரி ஏறின. இவர்களெல்லாம் எதற்குப் பொய் சொல்கிறார்கள்? வீட்டை ஒளிக்கவில்லை. சார் கட்டியதுதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பிறகென்ன?

"உங்க வீடு யார் கட்டினது?" என்று பேராசிரியை ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டார்.

"மாமாவோட சிநேகிதர். தவறிட்டார்" என்றாள் இவள். தன் தோள் ஏறியது தனக்கே தெரிந்தது.

ஐந்தாறு நாட்கள் இப்படிப் போயின. தன் தெருவைத் தவிர மற்ற எல்லாத் தெருவையும் அவள் காட்டினாள். ஆனால் ஒரு மதியம் பெரிய சாலையில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தன் தெரு வழியாக ஸ்கூட்டரை விட்டாள். வேகமாகத்தான் விட்டாள். பேராசிரியை பக்கத்து வீட்டுப் பால்கனியை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா!"

கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை முகம் வானத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர். உடனே சமதளத்தில் படுக்க வைக்க வேண்டும். விடுதி தூரம். தன் வீட்டு வாசல் எதிரிலேயே இருக்கிறது. முட்டி டாக்டர் ஒரு மூச்சு விடுகிற நேரம் யோசித்தாள். பிறகு கேட்டைத் திறந்தாள்.

மாமியார் கதவில் நின்று பார்த்தாள். யாரென்று புரிந்ததும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே!

"இங்கயா கூட்டிட்டு வந்தே?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"கழுத்து, அத்தை. பாய் எடுங்க."

கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். இவள் தலைமாட்டில் உட்கார்ந்து கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள். பீரோ இருந்தது. திரைச்சீலை இருந்தது. எல்லாம் ஒழுங்காகவே மறைத்திருந்தது. ஆனால் மல்லாந்து படுத்திருப்பவர் பீரோவைப் பார்ப்பாரா? மேலே பார்த்தார். கூரையோரம் நாலு பக்கமும் ஒரு பூவேலைக் கரை ஓடியது. அந்தக் கரையைச் சுவர் சாய்வாக வெட்டிக்கொண்டு போனது. அதன் பக்கத்தில் மங்கலாக இரண்டு கோடுகள், பூசி மறைத்த தழும்பு மாதிரி. இரண்டும் சுவரின் ஒரு முனையிலேயே கிளம்பி விசிறி போல விரிந்தன.

வலி இருந்த இடம் தெரியவில்லை பேராசிரியைக்கு.

"இது யார் கட்டின வீடு?"

"எங்க வீட்டுக்காரரோட சிநேகிதர்" என்றாள் மாமியார். "செத்துட்டார்."

"கோணல் சாரும் செத்துட்டார்தானே?"

பீரோவுக்குப் பின்னால் பல்லி ஒன்று கத்தியது.

"எவ்வளவு அழகான சாய்வு" என்றார் பேராசிரியை மெல்ல. "பெட்டியை உடைக்கணும்ங்கற அந்தச் சிந்தனை..."

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "என்ன சிந்தனை? அது நானும் என் நாத்தனாரும் போட்ட சண்டை!"

முட்டி டாக்டரின் கை பேராசிரியையின் கழுத்தில் அப்படியே நின்றது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை.

மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இனி மறைத்து என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். சுவர் முதலில் நேராகத்தான் இருந்ததாம். கூடத்துப் பக்கம் நாத்தனாரும் அவள் புருஷனும். இந்தப் பக்கம் இவர்கள். குழந்தை பிறந்ததும் தொட்டில் போட இடமில்லை. சுவரைத் தள்ளி வைக்கணும் என்று மாமியார் கேட்டாள். என் பிணத்தைத் தாண்டித் தள்ளு என்றாள் நாத்தனார். பேச்சு வார்த்தை நின்றது. ஒரே அடுப்பில் இரண்டு தனித்தனிச் சமையல். கடைசியில் அவளுடைய மாமனார் கோணல் சாரைக் கூட்டி வந்தார்.

"அந்த மனுஷன் என் பக்கம் உக்காந்து ஒரு காபி குடிச்சார். அவ பக்கம் உக்காந்து ஒரு காபி குடிச்சார். ரெண்டு பேர் அழுகையையும் கேட்டார். அப்புறம் ஒரு முனையை மட்டும் நகர்த்தச் சொன்னார். தொட்டிலுக்கு இடம் வந்துடுச்சு. அவ கட்டிலும் நகரலை."

"ஏன் ஒரு முனை?" என்று பேராசிரியை கேட்டார்.

"நானும் அதான் கேட்டேன். 'முழுசா நகர்த்தினா ஒருத்தி ஜெயிச்ச மாதிரி ஆயிடும். ஒரு முனையை நகர்த்தினா சுவர் கோணலாப் போச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவீங்க. சேர்ந்து திட்டினா சரியாயிடும்'னார். அப்படித்தான் ஆச்சு. அன்னைக்கு ராத்திரியே நானும் அவளும் ஒண்ணா உக்காந்து அவரைத் திட்டித் தீத்தோம்."

"ரெண்டு கோடு இருக்கே?"

"அவ தனிக்குடித்தனம் போனப்புறம் மறுபடி வந்து, கூடம் பெருசாகட்டும்னு அதே முனையை எங்க ரூமுக்குள்ள தள்ளி வெச்சார். போகும்போது கேப்பார், 'அடுத்து எப்ப வரட்டும்?'னு. கூரை பூரா உத்தரத்துல நிக்குது, சுவரை நம்பி இல்ல, எங்க வேணா வெச்சுக்கலாம்னு சொல்வார். வெளியில யாராவது கேட்டா நான் ஆசைப்பட்டு வெச்சதுன்னு சொல்லிடுங்கன்னார். வீட்டுச் சண்டை எதுக்கு வெளியில தெரியணும்னு."

முட்டி டாக்டருக்கு நூலகரின் தோள் கண்ணில் வந்தது. தையல்காரரின் தோளும் கண்டக்டரின் தோளும் வரிசையாக வந்தன. எல்லோரும் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி சொன்னது அவர்கள் பேசி வைத்ததால் இல்லை. சொல்லிக் கொடுத்தவர் ஒருவர். ஒவ்வொரு வீடும் தன் வீட்டில்தான் சண்டை நடந்தது, மற்ற வீட்டிலெல்லாம் சார் நிஜமாகவே ஆசைப்பட்டு வைத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவரும் அத்தனை சண்டையையும் மனதிலேயே பூட்டிக்கொண்டு, கோணல் சார் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தெருவில் நடந்து போயிருக்கிறார்.

படுத்திருந்த பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கியது. சிரிப்பு.

"இந்தச் சாய்வைப் பத்தி நான் பேசாத மேடை இல்ல. கடைசியில தொட்டிலா? ஐயோ, சிரிச்சா வலிக்குது."

"சிரிக்காதீங்க" என்று சொன்ன முட்டி டாக்டரும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவளுக்குத் தன் கவலை ஞாபகம் வந்தது.

"அப்ப எங்க வீடு பட்டியல்ல சேந்துடுமா?"

"சேத்துத்தான் ஆகணும். பொய் எழுத மாட்டேன்."

"இடிக்க முடியாது."

"முடியாது."

வாசலில் கிடந்த கம்பி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதில் மாமியாரின் போர்வை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. முட்டி டாக்டர் பேராசிரியையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நாளைக்கும் பை. அதற்கு மறுநாளும் பை. விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. கண் மட்டும் மேலே, அந்தக் கோடுகளில் இருந்தது. ஒரு முனையில் கிளம்பி விரிகிற கோடுகள்.

"மேடம், இடிக்கக் கூடாதுன்னு விதி. நகர்த்தக் கூடாதுன்னு இருக்கா?"

பேராசிரியையும் மேலே அந்தக் கோடுகளைப் பார்த்தார். "நகர்த்தறதுதான் அவர் வழக்கம்னு காட்ட முடிஞ்சா, நான் எழுதலாம். ஆனா ஒரு வீடு போதாது."

"மத்த வீட்டுலயும் கேப்போம்."

"கேட்டேனே. சார் ஆசைப்பட்டார்னுதானே சொல்றாங்க."

"நீங்க கேட்டீங்க. இந்தத் தடவை நான் கேக்கறேன்."

பேராசிரியையின் கழுத்தில் பட்டை மாட்டி, பின் இருக்கையில் உட்கார வைத்து, அவள் பழைய வீடுகளுக்கே திரும்பப் போனாள். ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. "எங்க வீட்டுல ரெண்டு தடவை நகர்த்தினாங்களாம். உங்க வீட்டுல?" என்று மட்டும் கேட்டாள்.

தையல்காரர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டார். "உங்க வீட்டுலயுமா?" என்றார். தோள் இறங்கிவிட்டது. "இங்க ஒரு தடவை. அண்ணி..." என்று ஆரம்பித்தவரை அவளே நிறுத்தினாள். "காரணம் வேண்டாம் அண்ணே. தடவை மட்டும் சொல்லுங்க." ஆனால் சொல்ல ஆரம்பித்தவரை நிறுத்த முடியுமா? கண்டக்டர் காபி கொடுத்து உட்கார வைத்து முழுக்கதையும் சொன்னார். நூலகர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மின்விசிறிக்காக ஓய்வூதியக்காரர்கள் நடத்திய போராட்டத்தைக் குசுகுசுத்தார். பேராசிரியை காரணம் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நகர்ந்ததா, எந்தப் பக்கம், அவ்வளவுதான்.

நகராட்சிப் பொறியாளரிடம் அறிக்கை போனபோது அவர் நெற்றியைச் சுருக்கினார். பாரம்பரியச் சுவர் எப்படியம்மா நகரும், இதெல்லாம் முன்னுதாரணம் இல்லாதது என்றார். பேராசிரியை நூலகக் கூரையிலும் விரிந்திருந்த கோடுகளின் படத்தைக் காட்டினார். கண்டக்டர் வீட்டுக் கூரையையும் காட்டினார். பொறியாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"அப்படின்னா எங்க வீட்டுல மட்டும் இல்லையா?" என்றார்.

அனுமதி வந்துவிட்டது. ஒரு முனையை நகர்த்தலாம். சுவரை எடுக்கக் கூடாது.

கொத்தனார் வந்த அன்று பீரோ பழைய இடத்துக்குப் போயிருந்தது. மாமியார் மாடிக்குப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. வாசல் பக்கத்து முனையை உள்ளே தள்ளினால் கூடத்தில் ஒரு கட்டிலும் இரட்டைக் கம்பியும் போடலாம். ஜன்னல் பக்கத்தில் மாமியாரின் கட்டிலும் டிவியும் இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்டது இரண்டு கட்டில். கிடைத்தது ஒன்று. பரவாயில்லை, ஒரு நேரத்தில் ஒருவரைப் பார்த்தால் போதும்.

கொத்தனார் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். "இதானே? பாத்துச் சொல்லுங்க. அப்புறம் மாத்தச் சொன்னா முடியாது."

"இது போதாது" என்றாள் மருமகள். "நடக்கிறவங்க திரும்பணும். இன்னும் ஒரு அடி வேணும்."

"ஒரு அடியா? என் நாற்காலி எங்க போகும்? உன் தலைமேலயா?"

"மாடிக்கே போறேன்னு சொன்னீங்களே அத்தை?"

"சொன்னேன். நீ கேட்டதும் தலையாட்டிட்டேன். எனக்கே அது பிடிக்கலை. இந்த ரூமை நான் என்ன சும்மாவா வாங்கினேன்? சண்டை போட்டு வாங்கினது. நீயும் சண்டை போட்டு வாங்கிக்கோ."

"சரி, முக்கால் அடி."

"அரை அடி. அதுக்கு மேல பேசாதே."

கழுத்துப் பட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேராசிரியை இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. அவர் முகத்தில் இருந்தது பரமானந்தம்.

அரை அடியில் கோடு விழுந்தது. கொத்தனார் கலவை குழைக்கப் போனார். மருமகள் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காலால் கோட்டை அழித்து, இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சாண் தன் அறைக்குள் தள்ளி.

"என்ன அத்தை பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. கோடு கோணலா இருந்துச்சு."

மருமகள் கோட்டைப் பார்த்தாள். மாமியாரின் தோளைப் பார்த்தாள். மாமியாரின் நாற்காலியை எடுத்துப் புதுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாள். காலை நீட்டினால் சுவரில் இடிக்கும். முட்டிக்கு நல்லதில்லை. சாக்பீஸை வாங்கி, கோட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள்.

"ஏய், நான்தான் குடுக்கறேன்ல?"

"எனக்கு வேண்டாம்."

"வாங்கிக்கோடி!"

"மாட்டேன் அத்தை!"

கொத்தனார் கலவைச் சட்டியோடு வந்து நின்றார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். "சிமென்ட் இறுகுது."